எட்டி நிற்கச் சொல்லும் காவல்

"வயித்துக்குள்ள கோடிக்கணக்குல கிருமி இருக்குதுன்ற. அப்புறம் எப்படி மாப்ள நாம உசுரோட இருக்கோம்?"

கேட்டவர் புதுச்சேரியில் பாகூர்ப் பக்கம் நெல் வைக்கிற மாமா. உரம் வாங்க வில்லியனூர் வந்தவரோடு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, பேச்சு எங்கோ தொடங்கி இங்கே வந்து நின்றது. கிருமி என்றாலே நோய் என்று பழகிய எவருக்கும் இந்தக் கேள்வி எழத்தான் செய்யும். பதில் சொல்ல ஒரு டீ போதவில்லை. அவரிடம் சொன்னதையே கொஞ்சம் வரிசைப்படுத்தி எழுதுகிறேன். நீங்களும் ஒரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள்.

முதலில் கணக்கு. ஒரு மனித உடலில் ஏறக்குறைய 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன என்று இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தார் 2016-இல் கணக்கிட்டார்கள். நம் சொந்தச் செல்களின் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட அதே அளவுதான். இந்தப் பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பகுதி பெருங்குடலில் இருக்கிறது. நமக்குச் செரிக்காத நாரை அவை தின்கின்றன. பதிலுக்குச் சில வைட்டமின்களையும், குடல் செல்களுக்கு எரிபொருளாகும் சில கொழுப்பு அமிலங்களையும் தருகின்றன. இருதரப்புக்கும் லாபம். ஆனால் அதே பாக்டீரியா குடற்சுவரைத் தாண்டி ரத்தத்தில் கலந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. குடல்வால் வெடித்தவரை நடுராத்திரியில் ஜிப்மர் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது அதனால்தான். நோய் கிருமியின் சாதியில் மட்டும் இல்லை, அது நிற்கும் இடத்திலும் இருக்கிறது.

"அந்தச் சுவரு எவ்ளோ கனம் இருக்கும்?" என்றார் மாமா.

ஒரே ஒரு செல் கனம். மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. தோலைப் போலப் பல அடுக்காக, மேலே காய்ந்த படலத்தோடு இருந்தால் பாதுகாப்பாக இருக்கும்தான். ஆனால் தின்ற சோறு உடம்பில் ஒட்டாது. சர்க்கரையும் புரதத்தின் துணுக்குகளும் கொழுப்பும் உள்ளே போக வேண்டும், கிருமி மட்டும் போகக் கூடாது. அதனால் சுவர் மெல்லியதாகத்தான் இருந்தாக வேண்டும். சிறுகுடல் மட்டுமே சுமார் 6 மீட்டர் நீளம். உள்ளே மடிப்புகள், மடிப்புகளின் மேல் விரல் விரலாகக் குடலுறிஞ்சிகள். எல்லாவற்றையும் பெருங்குடலோடு சேர்த்து விரித்துப் பரப்பினால் 30 சதுர மீட்டருக்குச் சற்று மேலே, அதாவது 340 சதுர அடி வரும் என்று சுவீடன் ஆய்வாளர்கள் 2014-இல் அளந்து சொன்னார்கள். டென்னிஸ் மைதானம் அளவு இருக்கும் என்று பழைய பாடப்புத்தகங்கள் எழுதியது மிகை. அத்தனை பரப்பையும் மூடியிருப்பது ஒரு வரிசைச் செல்கள். அந்தச் செல்களும் 3 முதல் 5 நாளில் உதிர்ந்துபோக, அடியிலிருந்து புதிய செல்கள் ஏறி வந்துகொண்டே இருக்கும்.

பாகூர் ஏரிக்கரையை வைத்துச் சொன்னபோது மாமாவுக்குச் சட்டென்று பிடிபட்டது. ஏரித் தண்ணீர் நமக்கு எதிரி இல்லை, அதை நம்பித்தான் நடவு. அதற்காக அதைக் கரை தாண்டி ஊருக்குள் வரவிட முடியுமா? கரையைப் பார்த்துக்கொள்பவர் தண்ணீரோடு மல்லுக்கட்டுவதில்லை. எலி வளை கண்ணில் பட்டால் அன்றைக்கே அடைப்பார். கரைமண் சரியாமல் புல் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார். மதகைத் திறந்து அளவாக விடுவார். குடலில் இருக்கும் நோய் எதிர்ப்புச் செல்கள் நாள்தோறும் செய்வதும் பெரும்பாலும் இந்த மாதிரி வேலைகளைத்தான். நோய் எதிர்ப்பு என்றதும் நமக்குப் படையும் போரும்தான் மனதில் ஓடுகின்றன. குடலில் நடக்கும் முதல் வேலை கிருமியை எட்டி நிற்க வைப்பது. கொல்வதெல்லாம் அப்புறம்.

எட்டி நிற்க வைக்க முதலில் உதவுவது சளி. மூக்கில் வருவதைப் போன்றதுதான், ஆனால் குடலுக்கு அது கவசம். சுவர் வரிசையிலேயே கோப்பை வடிவச் செல்கள் ஆங்காங்கே நிற்கின்றன. அவை ஓயாமல் சளியைச் சுரக்கின்றன. பெருங்குடலில் இந்தச் சளி இரண்டு அடுக்காக இருப்பதை சுவீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தார் 2008-இல் எலிகளில் காட்டினார்கள். வெளி அடுக்கு தளர்வானது, அதில் பாக்டீரியாக்கள் குடியிருக்கும். சுவரை ஒட்டிய உள் அடுக்கு இறுக்கமானது, அதில் பாக்டீரியா ஏறக்குறைய இல்லவே இல்லை. சளியின் முக்கியப் புரதத்தைச் செய்ய முடியாத எலிகளை வளர்த்துப் பார்த்தபோது, பாக்டீரியாக்கள் நேராகச் சுவரில் வந்து அமர்ந்தன. அந்த எலிகளுக்குக் குடல் வீங்கிப் புண்ணாயிற்று, சிலவற்றுக்குப் புற்றுநோயும் வந்தது. புதிதாக எந்தக் கெட்ட கிருமியும் அவற்றுக்குள் நுழையவில்லை. ஏற்கெனவே இருந்தவை கிட்டே வந்தன, அவ்வளவுதான்.

சிறுகுடலில் சளி ஒரே அடுக்கு, அதுவும் இறுக்கமில்லாதது. அங்கே கூடுதலாக ஒன்று தேவை. குடலுறிஞ்சிகளுக்கு இடையே உள்ள குழிகளின் அடியில் பானெத் செல்கள் இருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவற்றை விவரித்த யோசேஃப் பானெத் என்ற ஆஸ்திரிய மருத்துவரின் பெயர் அவற்றுக்கு. பாக்டீரியாவின் தோலைத் துளைக்கும் சிறு புரதங்களை அவை சளியில் கலந்துவிடுகின்றன. இந்தக் கொல்லிகள் குடல் முழுவதும் பரவுவதில்லை, சுவரை ஒட்டிய பகுதியில்தான் செறிவாக இருக்கும். அதனால் தள்ளி இருக்கும் பாக்டீரியாவுக்கு ஒன்றும் ஆகாது, கிட்டே வந்தால்தான் சாவு. இப்படிப்பட்ட ஒரு புரதம் சுவருக்கும் பாக்டீரியாவுக்கும் நடுவே மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு இடைவெளியைக் காப்பாற்றுகிறது என்று அமெரிக்காவின் டெக்சாஸில் லோரா ஹூப்பரின் குழு 2011-இல் காட்டியது. அந்தப் புரதம் இல்லாத எலிகளில் இடைவெளி மறைந்துபோனது.

மாமா குறுக்கே கேட்டார்: "சளி சுரக்குறதும் மருந்து கக்குறதும் அந்தச் சுவரே செய்யுதே. வெள்ளை அணுவுக்கு என்ன வேலை?"

சுவரிடம் வேலை வாங்குவதே அவைதான். சுவருக்கு அடியில் மெல்லிய இணைப்புத் திசு இருக்கிறது. உடலின் நோய் எதிர்ப்புச் செல்கள் மிக அதிகமாகக் கூடியிருக்கும் இடங்களில் அது ஒன்று. அங்கே பிறவி நிணச் செல்கள் என்று ஒரு வகை உண்டு. ரத்தத்தில் சுற்றித் திரியாமல், பிறந்தது முதல் அங்கேயே தங்கி வேலை பார்ப்பவை. பாக்டீரியா நெருங்கும் வாடை பட்டதும் அவை ஐஎல்-22 என்ற வேதிச் செய்தியை விடுகின்றன. அந்தச் செய்தியை வாங்கத் தோதான ஏற்பி சுவர்ச் செல்களிடம் இருக்கிறது. செய்தி வந்ததும் சளி கூடும், கொல்லிப் புரதம் கூடும், அடிபட்ட இடத்தில் புதிய செல்கள் வேகமாகப் பிறக்கும். ஐஎல்-22 இல்லாத எலிகளுக்குக் குடல் கிருமி ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். மற்ற எலிகள் தாங்கிக்கொண்ட அந்தத் தொற்றில் இவை செத்துப்போயின. சுவர் அதேதான், செய்தி சொல்ல மட்டும் ஆள் இல்லை.

இன்னொரு வகை செல்கள் சுவர்ச் செல்களுக்கு இடையிலேயே நுழைந்து உட்கார்ந்திருக்கும். சிறுகுடலில் பத்துச் சுவர்ச் செல்லுக்கு ஒன்று என்ற கணக்கில் இவை உண்டு. டி செல் என்ற வெள்ளை அணு இனத்தைச் சேர்ந்த இவை சுவரில் தொற்று கண்ட செல்லைக் கண்டால் அங்கேயே முடித்துவிடும். சுவருக்குச் சற்றுக் கீழே பெருவிழுங்கிச் செல்கள் இருக்கின்றன. எதையாவது விழுங்கினால் ஊரைக் கூட்டிக் காய்ச்சல் வரவழைப்பதுதான் உடலின் மற்ற இடங்களில் இந்தச் செல்களின் வழக்கம். குடலில் இருப்பவை அப்படியில்லை. தப்பி உள்ளே வந்த ஒன்றிரண்டு பாக்டீரியாவைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு வேலையைப் பார்க்கும். இங்கே ஒவ்வொன்றுக்கும் கூச்சல் போட்டால், நாம் சாப்பிடும் ஒவ்வொரு வேளையும் காய்ச்சலில்தான் முடியும்.

இந்தக் காவலின் உச்சமான ஆயுதம் ஆன்டிபாடி, அதாவது கிருமியை அடையாளம் கண்டு ஒட்டும் புரதம். அதில் ஐஜிஏ என்ற ரகம் குடலுக்கென்றே அமைந்தது. உடலில் ஆன்டிபாடி சுரக்கும் செல்களில் பெரும்பாலானவை குடலில்தான் இருக்கின்றன. நாளொன்றுக்குச் சில கிராம் ஐஜிஏ குடலுக்குள் சுரக்கிறது. மற்ற எல்லா ஆன்டிபாடி ரகங்களையும் சேர்த்தாலும் நாம் தினமும் செய்வது இதைவிடக் குறைவு. ரத்தத்தில் இருக்கும் ஆன்டிபாடி கிருமியில் ஒட்டினால் பெரிய அழற்சியைக் கிளப்பிவிடும். ஐஜிஏ அப்படிச் செய்வதில்லை. கிருமியின் மேல் படிந்து அது சுவரைப் பற்ற முடியாமல் செய்கிறது, அவற்றை ஒன்றோடொன்று பிணைக்கிறது. ஒரு பாக்டீரியா இரண்டாகப் பிரியும்போது குட்டிகள் விலகிப் போக முடியாமல் கொத்தாகவே ஒட்டிக் கிடப்பதை சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2017-இல் எலிகளில் கண்டார்கள். அந்தக் கொத்து மலத்தோடு வெளியே போய்விடும். அடி இல்லை, ரத்தம் இல்லை, காரியம் மட்டும் முடிகிறது.

எந்தக் கிருமிக்கு எந்த ஐஜிஏ என்பதைக் குடல் எப்படித் தெரிந்துகொள்கிறது? சிறுகுடலின் கடைசிப் பகுதியில் நிணச் செல்கள் திட்டுத் திட்டாகக் கூடியிருப்பதை சுவிட்சர்லாந்தின் யோஹான் கொன்ராட் பேயர் 1677-இலேயே வரைந்து காட்டினார். பேயர் திட்டுகள் என்று இன்றும் அவர் பெயராலேயே சொல்கிறார்கள். அந்தத் திட்டுகளின் மேல் மட்டும் சுவரில் எம் செல்கள் என்ற தனி ரகம் உண்டு. மற்றச் சுவர்ச் செல்கள் கிருமியைத் தடுக்க, இவை குடலுக்குள் இருப்பதில் கொஞ்சம் கொஞ்சமாக மாதிரி எடுத்து உள்ளே தருகின்றன. கீழே காத்திருக்கும் செல்கள் அதைப் பார்த்துப் பழகுகின்றன. அப்படிப் பழகியவற்றில் ஆன்டிபாடி செய்யும் இனமான பி செல்கள் நிணநீர் வழியே ரத்தத்துக்குப் போய் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பக் குடலுக்கே வந்து, அங்கே ஐஜிஏ சுரக்க உட்காருகின்றன. குடலில் பாடம் படித்த செல்லின் மேல் குடலுக்குத் திரும்பும் விலாசம் ஒட்டியிருக்கும். இந்த விலாசத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், தடுப்பு மருந்தைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

மாதிரி எடுக்கும் வழி என்றால் அதில் திருடனும் புகுவான். டைபாய்டு கிருமி புகும் வழிகளில் ஒன்று அந்த எம் செல்தான். உள்ளே போய்ப் பேயர் திட்டுகளில் தங்கிப் பெருகுகிறது. கவனிக்காத டைபாய்டு மூன்றாவது வாரத்தில் சிலருக்குக் குடலில் ஓட்டை போடுகிறதே, அந்த ஓட்டை விழுவது பெரும்பாலும் இந்தத் திட்டுகள் இருக்கும் இடத்தில்தான். "காய்ச்சல் விட்டுடிச்சின்னு மாத்திரைய நிறுத்தாத" என்று டாக்டர் சொல்வதன் பின்னால் இருக்கும் காரணங்களில் இதுவும் ஒன்று.

காலரா வேறு ரகம். அது சுவரைத் தாண்டவே தாண்டாது. மேலே ஒட்டிக்கொண்டு விடும் நச்சு, சுவர்ச் செல்களிலிருந்து உப்பையும் தண்ணீரையும் கொட்ட வைக்கிறது. அதனால் காலராவைத் தடுக்க ஒட்டவிடாமல் செய்யும் ஐஜிஏ பெரிதும் கைகொடுக்கும். ஆனால் ஐஜிஏ ஆளைப் பார்த்து வேலை செய்யும். 1992 அக்டோபரில் சென்னையில் ஓ139 என்ற புதிய காலரா ரகம் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. வழக்கமாகக் காலரா அடிக்கடி வரும் இடங்களில் குழந்தைகளே அதிகம் பாதிக்கப்படுவார்கள், பெரியவர்களின் குடல் பழைய ரகத்தை அறிந்துவைத்திருக்கும். இந்தப் புதிய ரகம் வந்தபோது பெரியவர்களும் கூட்டமாக விழுந்தார்கள். கிருமியின் மேலுறை மாறியிருந்ததால் பழைய ஐஜிஏ அதை அடையாளம் காணவில்லை. காலரா பழங்கதை என்று நினைக்க வேண்டாம். நம் புதுச்சேரி ஆட்சிப் பகுதியிலேயே, 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி, பொது சுகாதார அவசரநிலை அறிவித்துப் பள்ளிகளைச் சில நாள் மூட வேண்டி வந்தது.

இவ்வளவு செல்கள், இவ்வளவு ஆயுதங்கள். இவை அத்தனையும் ஒரே சமயத்தில் ஆத்திரப்பட்டால் என்ன ஆகும்? அதைத் தடுக்கவும் ஆள் உண்டு. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்பார்கள். மற்ற டி செல்களை அடக்கி வைப்பதே இவற்றின் தொழில். 1995-இல் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி இவற்றை அடையாளம் காட்டினார். இவற்றை உருவாக்கும் ஃபாக்ஸ்பி3 என்ற மரபணுவை அமெரிக்காவின் மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெல்லும் கண்டறிந்தார்கள். மூவருக்கும் 2025-இன் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அந்த மரபணு பழுதாகிப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்குப் பிறந்த சில வாரங்களிலேயே கடும் பேதி தொடங்கிவிடும். வெளியிலிருந்து எந்தக் கிருமியும் வந்து அதைச் செய்வதில்லை. அடக்க ஆள் இல்லாத சொந்தச் செல்களே குடலைத் தின்கின்றன. எதிர்ப்பு கூடினால் நல்லது என்று நினைப்பவர்கள் இந்த ஒரு நோயை யோசித்துப் பார்க்க வேண்டும்.

எதிர்ப்பு குறைந்தால் என்ன ஆகும் என்பதை எச்ஐவி காட்டியது. தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களிலேயே அந்த வைரஸ் குடலில் இருக்கும் உதவி டி செல்களைப் பெருமளவு அழித்துவிடுகிறது. காவல் குறைந்த சுவரின் வழியே பாக்டீரியாவின் துணுக்குகள் ரத்தத்தில் கசிகின்றன என்று 2006-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். எச்ஐவி நோயாளியின் உடல் எப்போதும் கொதித்துக்கொண்டே இருப்பதற்கு அந்தக் கசிவு ஒரு முக்கியக் காரணம். கூடினாலும் கெடுதல், குறைந்தாலும் கெடுதல்.

"இந்த அடக்கி வைக்கிற செல்ல வளக்க ஏதாச்சும் சாப்பாடு இருக்குதா?" என்றார் மாமா. இருக்கிறது. பெருங்குடல் பாக்டீரியாக்கள் நாரைத் தின்று பியூட்டிரேட் என்ற அமிலத்தைத் தருகின்றன. பெருங்குடலில் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் உருவாக அது உதவுகிறது என்று 2013-இல் எலிகளில் கண்டார்கள். சுவர்ச் செல்களுக்கும் அதுவே முக்கிய எரிபொருள். கேழ்வரகு, கம்பு, கீரை, பயறு, வாழைத்தண்டு என்று நம் வீட்டுப் பழைய சாப்பாட்டில் நாருக்குக் குறைவில்லை. பழைய சோறு குடலுக்கு நல்லது என்பதைச் சோதித்துப் பார்க்க சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் ஆய்வே தொடங்கினார்கள். சாப்பிடுங்கள், ருசியாகவும் இருக்கும். ஒன்றே ஒன்று, சோற்றில் ஊற்றி வைக்கும் தண்ணீர் சுத்தமானதாக இருக்கட்டும்.

பிறந்த குழந்தையின் குடலில் இந்த ஏற்பாடு எதுவும் முழுமையாக இருக்காது. சொந்தமாக ஐஜிஏ சுரக்கச் சில வாரங்கள் ஆகும், அதுவும் மெல்ல மெல்லத்தான் கூடும். இடைவெளியை நிரப்புவது தாய்ப்பால். தாயின் குடலில் பாடம் படித்த பி செல்களில் ஒரு பகுதி கர்ப்பத்தின் கடைசியிலும் பால் கொடுக்கும் காலத்திலும் மார்புக்குப் போய் அங்கே தங்கி ஐஜிஏ சுரக்கின்றன. பாகூரில் இருக்கும் தாய் பாகூர்த் தண்ணீரைக் குடித்து, அந்த மண்ணில் இருக்கும் கிருமிகளைத் தன் குடலில் சந்தித்தவள். அவள் பாலில் வரும் ஐஜிஏ, அவள் குழந்தை நாளைக்குச் சந்திக்கப்போகும் அதே கிருமிகளுக்கானது. எந்த டப்பாப் பாலிலும் இது கிடையாது. மஞ்சளாகக் கெட்டியாக வரும் சீம்பாலில் இது மிக அதிகம். இன்னும் சில வீடுகளில் அதைப் பீய்ச்சி ஊற்றிவிட்டு, சேனை வைக்கிறோம் என்று சர்க்கரைத் தண்ணீரையும் கழுதைப்பாலையும் குழந்தையின் நாக்கில் தொட்டு வைக்கிறார்கள். காவலே இல்லாத குடலுக்கு முதல் விருந்தாகக் கிருமியை அனுப்பும் வேலை அது. பெரியவர்கள் மனம் கோணாமல், ஆனால் உறுதியாக, வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கிருமி மட்டும்தானா, புழுவும் உண்டு. நாற்றங்காலில் வெறுங்காலோடு இறங்குகிறவர்களுக்குக் கொக்கிப்புழு பழக்கமான பெயர். மண்ணில் இருக்கும் அதன் குட்டி காலின் தோலைத் துளைத்து ஏறிக் கடைசியில் சிறுகுடலில் பற்றிக்கொண்டு ரத்தம் குடிக்கும். இவ்வளவு பெரிய உயிரை எந்தச் செல்லாலும் விழுங்க முடியாது. அதற்குக் குடல் வேறு வழி வைத்திருக்கிறது. சுவர் வரிசையில் குஞ்சம் வைத்ததுபோல் மேல்முனை கொண்ட சில செல்கள் இருக்கின்றன. இவை புழுவை மோப்பம் பிடித்து அடியில் இருக்கும் நிணச் செல்களைத் தட்டி எழுப்புகின்றன என்று 2016-இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே எலிகளில் கண்டுபிடித்தன. உடனே சளி பெருகும், குடல் வேகமாக அசையும், புழு பிடி நழுவி வெளியேறப் பார்க்கும். கொக்கிப்புழுவோ மனிதக் குடலில் ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடிக்கக் கற்ற பிராணி. அதனால்தான் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். அதை வாங்கித் தின்ன வைப்பதோடு, வயலுக்குச் செருப்பும் வீட்டுக்குக் கழிப்பறையும் வேண்டும்.

நம்மைப் போன்ற ஊர்க்காரர்களின் குடலை உற்றுப் பார்த்தவர்கள் அதிகம் இருந்தது வேலூரில். சிஎம்சி மருத்துவமனையின் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் 1960-களில் வட ஆற்காட்டுக் கிராமங்களில் ஸ்ப்ரூ என்ற குடல் நோயை ஆராய்ந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நோய் இல்லாத கிராமத்தாரின் குடலிலிருந்தும் துளி எடுத்தார்கள். ஆரோக்கியமாக நடமாடுகிறவர்களின் குடலுறிஞ்சிகளே மேலைநாட்டாருடையதைப் போல விரல் வடிவில் இல்லாமல், இலை போலவும் வரப்பு போலவும் தட்டையாக இருந்தன. அடியில் நோய் எதிர்ப்புச் செல்கள் நெருக்கமாகக் கூடியிருந்தன. இது இனமா, மண்ணா? அமெரிக்க ஆய்வாளர்கள் நியூயார்க்கில் குடியேறிய இந்தியர்களையும் பாகிஸ்தானியரையும் சோதித்து 1971-இல் எழுதினார்கள்: அங்கே ஆண்டுகள் கழியக் கழியக் குடல் சீராகிக்கொண்டே வந்திருந்தது. ஆக, பிறவியில் வந்ததல்ல. அசுத்தமான தண்ணீரும் மண்ணும் ஓயாமல் தரும் கிருமிகளுக்கு ஈடுகொடுத்து ஈடுகொடுத்துக் காவல் செல்கள் எப்போதும் கொதிநிலையில் இருக்க, அந்தச் சூட்டில் சுவரே தேய்ந்துபோகிறது. அப்படித் தேய்ந்த குடல் உள்ள குழந்தை தின்பது உடம்பில் ஒட்டாமல் வளர்ச்சி குன்றும்.

தடுப்பு மருந்தும் அந்தக் குடலில்தானே போய் விழுகிறது. மூன்று தவணை போலியோ சொட்டு மருந்து மேலைநாட்டுக் குழந்தைகளுக்குப் போதுமானதாக இருந்தது. வேலூர்க் குழந்தைகளிடம் அதே மருந்து எதிர்பார்த்த அளவு பலன் தரவில்லை என்று சிஎம்சியின் டி. ஜேக்கப் ஜான் 1972-இல் எழுதினார். அதனால்தான் நம் குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொட்டு மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. 2014-இல் இந்தியா போலியோ இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டதன் பின்னால் அந்தப் பிடிவாதமும் இருக்கிறது. ரோட்டா வைரஸ் மருந்திலும் இதே கதை. இந்தியாவில் செய்த ரோட்டாவாக் மருந்தை டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதித்தார்கள். கடுமையான ரோட்டா பேதியை அது முதல் ஆண்டில் 56 சதவீதம் தடுத்தது. பணக்கார நாடுகளில் ரோட்டா மருந்துகளுக்கு 85 சதவீதத்துக்கு மேல் பலன் கிடைக்கிறது.

"அப்ப பாதிதான் வேலை செய்யும்னா எதுக்கு ஊத்தணும்?" மாமாவின் பேத்திக்கு அடுத்த தவணை வரப்போகிறது, கேள்வியில் நியாயம் இருந்தது. கடுமையான ரோட்டா பேதி வந்திருக்கக்கூடிய குழந்தைகளில் பாதிக்கு மேல் ட்ரிப் ஏற்றாமல் தப்பிப்பது சின்ன விஷயமா? 6, 10, 14 வாரம் என்று அட்டையில் எழுதிய நாளில், ராமநாதபுரம் ஜிப்மர் கிராம சுகாதார நிலையத்துக்கோ உங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்துக்கோ தவறாமல் தூக்கிக்கொண்டு போங்கள். சொட்டு போட்டும் பேதி வந்தால் மருந்து பொய் என்று அர்த்தமில்லை. பேதிக்கு ரோட்டா தவிர வேறு கிருமிகளும் காரணம். அப்போது ஓஆர்எஸ் கரைசலும் 14 நாள் துத்தநாக மாத்திரையும் கொடுங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். மருந்துக்கடையில் நீங்களாகவே ஆன்டிபயாடிக் கேட்டு வாங்காதீர்கள். வைரஸ் பேதியை அது ஒன்றும் செய்யாது, காவலுக்குத் துணையாக இருக்கும் நல்ல பாக்டீரியாவைத்தான் அழிக்கும்.

குடலில் இருக்கும் கிருமியைக் குறைத்துவிட்டால் சொட்டு மருந்து நன்றாக வேலை செய்யுமா என்றும் வேலூரில் பார்த்துவிட்டார்கள். குழந்தைகளுக்கு முதலில் அஸித்ரோமைசின் கொடுத்துப் பிறகு போலியோ சொட்டு கொடுத்தார்கள். குடல் அழற்சியின் அடையாளங்கள் கொஞ்சம் குறைந்தன, மருந்தின் பலன் கூடவில்லை என்று 2016-இல் முடிவு வந்தது. மாத்திரையால் ஒரு வாரத்தில் திருத்திவிடக்கூடிய காரியமாக அது இல்லை. அதே வேலூரில் இன்னொரு ஆய்வு நல்ல செய்தி தந்தது. ஏற்கெனவே பல முறை சொட்டு மருந்து குடித்த குழந்தைகளுக்கு ஒரு போலியோ ஊசி போட்டபோது, ஊசி போடாத குழந்தைகளைவிட அவர்களுக்குக் குடலின் எதிர்ப்பு நன்றாகக் கூடியிருந்தது. தோளில் போடும் ஊசி குடலுக்கு எப்படிப் போகும்? முன்பு சொன்ன விலாசம்தான் காரணமாக இருக்க வேண்டும். சொட்டு மருந்தால் குடலில் பாடம் படித்த செல்கள் உடலெங்கும் சுற்றுகின்றன. ஊசி அவற்றைத் தட்டி எழுப்ப, அவை குடலுக்கே திரும்புகின்றன. சொட்டே குடிக்காத குழந்தைக்கு ஊசி மட்டும் போட்டால் குடலில் அந்த அளவுக்குக் காவல் வராது.

கடைசியில் மாமா கேட்டது எல்லோரும் கேட்பது: "எதிர்ப்பு சக்திய கூட்டணும்னா எந்தப் பொடி வாங்கலாம்?" டவுன் கடைகளில் அந்தப் பெயரில் ஆயிரம் ரூபாய்க்கும் டப்பா இருக்கிறது. குடலில் இருக்கும் காவலைக் கூட்ட வேண்டிய தேவை பெரும்பாலானவர்களுக்கு இல்லை. நம் ஊர்க் குடல்களில் அது ஏற்கெனவே அளவுக்கு மீறி உழைக்கிறது. அதன் வேலையைக் குறைப்பதுதான் நாம் செய்யக்கூடிய உதவி. அதில் பாதி வீட்டில் நடக்கும்: சோப்புப் போட்டுக் கை கழுவுவது, தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பது, நாருள்ள சாப்பாடு, ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். மீதிப் பாதி வீட்டில் நடக்காது. குடிநீர்க் குழாய் சாக்கடையை உரசிக்கொண்டு போனால், மேல்நிலைத் தொட்டியைக் கழுவி மாதக்கணக்கானால், எந்தப் பொடியும் எந்தச் செல்லும் ஈடுகட்டாது. பேத்திக்குப் பொடி வாங்க வைத்திருந்த காசை வைத்துக்கொண்டு, கொம்யூன் பஞ்சாயத்தில் போய் நின்று மூன்று கேள்வி கேளுங்கள் மாமா என்றேன்: தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள், குளோரின் தினமும் போடுகிறீர்களா, குழாய் உடைப்பை யாரிடம் சொன்னால் எத்தனை நாளில் சரிசெய்வீர்கள்?